அலமாரிக் கதவின் உட்பக்கம்

லிஃப்ட் பராமரிப்பு அட்டையில் மாதத்துக்கு இருபத்து நான்கு கட்டங்கள். கதவு, கயிறு, பிரேக், தண்டவாளம், எண்ணெய், அவசர விளக்கு, மணி என்று ஒவ்வொன்றையும் பார்த்து ஒவ்வொன்றாக டிக் போட வேண்டும். அவன் லிஃப்ட் பெட்டிக்குள் நின்றபடியே அட்டையைச் சுவரில் அழுத்திப் பிடித்து, மேலிருந்து கீழாக ஒரே மூச்சில் இருபத்து நான்கையும் போட்டான். பத்து மாதமாக இப்படித்தான். முன்பெல்லாம் பெட்டியின் கூரைமேல் ஏறி, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, ஒரு கட்டடத்துக்கு ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொள்வான். கம்பெனியில் அவனுக்கு ஆமை என்று பெயர். இப்போது ஆமை ஒரு காலையில் ஆறு கட்டடம் முடிக்கிறது. மேலாளர் போன வாரம் தோளில் தட்டி, மனசைத் தேத்திக்கிட்டு நல்லா வேலை பாக்கற, என்று சொன்னார். அவன் தலையாட்டினான்.

கதவு திறந்தது. நாலாம் மாடிக்காரம்மா காய்கறிப் பையோடு நின்றார். அவனையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தம்பி, மூணுக்கும் நாலுக்கும் நடுவுல ஒரு உதறல் உதறுது. யாரோ காலை வாரி விடற மாதிரி. போன மாசமே சொன்னேன்."

"பாத்துட்டேம்மா."

"எப்ப பாத்தீங்க? நான் கேட்டுக்குள்ள நுழையறப்பதான் நீங்களும் நுழைஞ்சீங்க. பையைக்கூட நான் இன்னும் கீழ வைக்கல. கண்ணாலயே ரிப்பேர் பண்ணிடுவீங்களோ?"

அவன் பேனாவை மூடிக்கொண்டான். அதே நேரம் சட்டைப் பையில் போன் அடித்தது. அக்கா வேலை செய்யும் சலவை நிலையத்தின் முதலாளி.

"உங்க அக்கா ஈரத்துணி எடுக்கக் குனிஞ்சாங்க. நிமிர முடியல. ஒண்ணுமில்லன்னுதான் அவங்க சொல்றாங்க. ஆனா எனக்கென்னவோ பயமா இருக்கு. வர்றீங்களா?"

சலவை நிலையம் இரண்டு தெரு தள்ளி. ஓட்டல்களின் படுக்கை விரிப்புகள் அங்கே வெளுத்து, பிழிந்து, தேய்த்து, மடித்து அனுப்பப்படும். உள்ளே நுழைந்தால் ஆவி முகத்தில் அறையும். எட்டுப் பெண்கள். அக்கா ஒன்பதாவது. அவள் தேய்க்கும் மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எதையோ தேடிக் குனிந்தவள்போல நின்றாள். முகம் வெளிறி, மேலுதட்டில் வியர்வை முத்து முத்தாக. அவனைப் பார்த்ததும் சிரிப்பை வரவழைத்துக்கொண்டாள்.

"நீ எதுக்குடா ஓடி வந்த? எவனையாவது பாதி வழியில தொங்க விட்டுட்டு வந்தியா?"

"எங்க வலிக்குது?"

"சுளுக்குடா. ஒரு மாத்திரை போட்டா போயிடும்."

பக்கத்து மேசைப் பெண் குறுக்கே புகுந்தாள். "ஒரு மாசமாவே முதுகைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்காங்க. சொல்லாதேன்னு எங்க வாயைக் கட்டி வச்சிருக்காங்க."

"உன் வாயை எவ கட்ட முடியும்? நீ சும்மா இருடி" என்றாள் அக்கா. குரலில் வழக்கமான காரம் இருந்தது. ஆனால் மேசையை விட்ட கை அந்தரத்தில் ஒரு கணம் தடுமாறி, மறுபடி மேசைக்கே போனது.

அக்காவுக்கு நாற்பத்தொன்று. முப்பத்தேழு முடியும்போது இடது மார்பில் கட்டி. அறுவை, பிறகு மருந்தேற்றல். மூன்றாவது மருந்தேற்றலோடு மாதவிடாய் நின்றது. திரும்ப வரவில்லை. அந்த ஹார்மோனில் கட்டி மறுபடி வளரக்கூடாது என்பதற்காகப் பின்னால் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். அன்று முதல் அவளுக்கு உள்ளே நெருப்பு. பேசிக்கொண்டிருக்கும்போதே கழுத்தில் தொடங்கி நெற்றிவரை செக்கச்செவேலென்று ஏறும். சலவை நிலையத்தில் அதையும் சிரிப்பாக்கி வைத்திருந்தாள். கரண்ட் போனாக் கவலைப்படாதீங்கடி, துணியை என்மேல விரிச்சுத் தேய்ச்சுக்குங்க, என்பாள். எட்டுப் பேரும் சிரிப்பார்கள். அவளை நோயாளி என்று யாரும் நினைப்பதில்லை. நோய் போய்விட்டது. போன இடத்தில் என்ன மிச்சம் வைத்துவிட்டுப் போனது என்பதை வீட்டில் கணக்கில் வைத்திருந்தவள் ஒருத்திதான். அவன் மனைவி.

அவன் மனைவி பள்ளிக்கூட அலுவலகத்தில் கால அட்டவணை போடுபவள். நாற்பது ஆசிரியர்கள், முப்பது வகுப்புகள், ஒன்றோடொன்று மோதாமல் கட்டம் கட்டி அடைப்பாள். பையில் எப்போதும் ஒரு முப்பது சென்டிமீட்டர் ஸ்கேல். அக்கா அவளுக்கு ஸ்கேலு என்று பெயர் வைத்திருந்தாள். ஸ்கேலு வந்தாச்சா, ஸ்கேலு சாப்பிட்டாச்சா. பத்து மாதத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு ஸ்கேலு நாற்காலியிலிருந்து எழுந்தாள். தலை சுத்துது என்றாள். மறுபடி உட்கார்ந்தாள். அவ்வளவுதான். மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்தது என்றார்கள். முப்பத்திரண்டு வயது. ஒரு மாத்திரை போட்டறியாதவள்.

வாடகைக் காரில் அக்காவை ஏற்றினான். வேகத்தடை வரும்போதெல்லாம் அவள் இருக்கையில் கையூன்றி உடம்பைத் தூக்கிக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்கு விடச் சொல்லட்டுமா என்றான். வேண்டாம், வீட்டுக்கு விடு, என்றாள். அதட்டினாள் என்றே சொல்லலாம். அவன் விட்டுவிட்டான். பத்து மாதமாக அவன் எதையும் இரண்டாம் முறை கேட்பதில்லை.

வீடு இரண்டு அறை, ஒரு சமையலறை. முன்பு மாலைதோறும் வந்துபோன அக்கா, அவன் மனைவி போன பிறகு தன் அறையைக் காலி செய்துவிட்டு இங்கேயே வந்துவிட்டாள். யார் யாரைப் பார்த்துக்கொள்ள வந்தது என்று இருவரும் பேசிக்கொண்டதில்லை. அக்காவைச் சுவரோரம் நிமிர்ந்த நாற்காலியில் உட்கார வைத்தான். உட்கார்ந்த நிமிஷமே எழுந்தாள். எழுந்ததும் மறுபடி உட்காரப் பார்த்தாள். எதிலும் இருப்புக் கொள்ளவில்லை.

"வலி மாத்திரை எங்க இருக்கு?"

"சமையலறை அலமாரியில. மேல் கதவு." சொல்லிவிட்டு, "இரு, நானே எடுக்கறேன்" என்று கிளம்பினாள். இரண்டடி வைப்பதற்குள் சுவரைப் பிடித்தாள்.

அந்த அலமாரிக் கதவை அவன் பத்து மாதமாகத் திறந்ததில்லை. தட்டும் டம்ளரும் பாத்திரக் கூடையிலேயே இருக்கும். எடுப்பான், கழுவுவான், அங்கேயே கவிழ்ப்பான். கதவின் உட்பக்கம் என்ன ஒட்டியிருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். மனைவியின் கையெழுத்து. அவள் துணிமணிகளைப் பார்க்க முடிந்தது. போட்டோவைப் பார்க்க முடிந்தது. கையெழுத்தை மட்டும் முடியவில்லை. அது இன்னும் பேசிக்கொண்டே இருந்தது.

திறந்தான்.

பெரிய வெள்ளை அட்டை. இரண்டு வருஷத்துக்கான கட்டங்கள், வாரத்துக்கு ஒன்று. கோடு ஒவ்வொன்றும் நூல் பிடித்தாற்போல. மேலே சிவப்பு மையில்: 'இடது கையில் ஊசி கூடாது. ரத்த அழுத்தமும் வலது கையில்தான் பார்க்க வேண்டும்.' இடப்பக்கம் வரிசையாக: கால்சியம். வைட்டமின் டி. நடை அரை மணி நேரம். தண்ணீர் பாட்டில் தூக்குவது, கைக்குப் பத்து. ஒற்றைக் காலில் நிற்பது. ரத்த அழுத்தம், மாதம் ஒருமுறை. கொழுப்பு, வருஷம் ஒருமுறை. பல் டாக்டர். எலும்பு ஸ்கேன். கடைசி வரிசை எலும்பு ஊசி. அதற்கு மொத்த அட்டையிலும் நாலே கட்டம்தான், ஆறு மாதத்துக்கு ஒன்று. நாலையும் சிவப்பால் கட்டியிருந்தாள். பக்கத்தில் பொடி எழுத்தில்: 'ஒரு மாதம்கூடத் தள்ளக்கூடாது. அண்ணி என்ன சாக்கு சொன்னாலும்.'

முதல் வருஷத்து டிக்குகள் பல நிறம். நீலம், பச்சை, பென்சில், ஓரிடத்தில் கண் மை. சில கட்டங்களில் டிக்குக்குப் பதில் சண்டை. 'இன்று மழை என்று ஏமாற்றினார்கள். மழையே இல்லை.' 'பாட்டிலில் தண்ணீர் பாதிதான் இருந்தது. கண்டுபிடித்துவிட்டேன்.' ஒன்றில் அக்காவின் கோணல் எழுத்து: 'ஸ்கேலு ஒழிக.' அதற்குக் கீழே இவள்: 'ஒழிய மாட்டேன்.'

அவன் அந்த வரியில் நின்றான். பிறகு கண்ணை நகர்த்தினான்.

பன்னிரண்டாம் மாதத்துக்குப் பிறகு அட்டை சுத்தமாக இருந்தது. எல்லாக் கட்டத்திலும் டிக். ஒரே நீல மை. ஒரே சாய்வு. மேலிருந்து கீழாக, ஒரு மாதத்துக்கு உரியது மொத்தமும் ஒரே மூச்சில் போட்டது. கடைசி டிக்குகளில் பேனா களைத்து வால் நீண்டிருந்தது. வேறு யார் பார்த்திருந்தாலும் அக்கா எவ்வளவு ஒழுங்கு என்று மெச்சியிருப்பார்கள். அவனுக்கு அந்த வால் தெரியும். அன்று காலையில்தான் அவனும் இருபத்து நான்கு போட்டிருந்தான்.

மூன்றாவது சிவப்புக் கட்டத்தில் டிக். நான்காவதிலும் டிக்.

மாத்திரையையும் தண்ணீரையும் கொண்டுபோய்க் கொடுத்தான். அக்கா விழுங்கும்வரை நின்றான்.

"எலும்பு ஊசி போட்டியா?"

"போட்டேனே. அட்டையைப் பாத்தியா? டிக் இருக்குமே."

"எந்தக் கையில போட்டாங்க?"

"இடது கையில."

சொன்ன வேகத்திலேயே உதட்டைக் கடித்தாள். கட்டியோடு அக்குள் முடிச்சுகளையும் எடுத்ததால் வீங்கிவிடக்கூடிய கை அது; நாலு வருஷமாக அதில் ஒரு கொசு கடித்தாலே அவள் பதறுவாள். வளையல்கூடப் போடுவதில்லை. அக்கா டம்ளரைத் திருப்பித் திருப்பி அதன் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டுமே போடலையா?"

"இல்ல."

"நடை?"

"மாத்திரை மட்டும் விடலடா. புத்துநோய் மாத்திரை. அதை நிறுத்த பயம். மத்ததெல்லாம்..." கையை விசிறினாள். முகம் சிவக்கத் தொடங்கியிருந்தது. புடவைத் தலைப்பால் கழுத்தை ஒற்றினாள். "போனேன்டா. அவ போய் மூணு வாரத்துல ஊசித் தேதி. தேதி தப்பக்கூடாதுன்னுதான் போனேன். அந்த நீளப் பெஞ்சுல உக்காந்தேன். பேரைக் கூப்பிட்டாங்க. எழுந்து போனா, கூட யாரு வந்திருக்காங்கன்னு கேக்கறாங்க. திரும்பிப் பாக்கறேன், பெஞ்சுல என் பை மட்டும் இருக்கு. பையை எடுத்துக்கிட்டு வந்துட்டேன். அப்புறம் போன் பண்ணாங்க. ஊர்ல இல்லன்னு சொன்னேன்."

"டிக் எதுக்குப் போட்ட?"

"கட்டம் காலியாக் கிடந்துச்சுன்னா பிடிக்கல. அவ போட்ட கட்டம்." கொஞ்சம் நிறுத்தினாள். "மாசத்துக்கு ஒரு நாள் கதவைத் திறந்து எல்லாத்தையும் அடைச்சிடுவேன். பாத்தியா, எல்லாம் சரியாத்தான் பண்றேன்னு அவகிட்டச் சொல்ற மாதிரி. பொய்தான். அவகிட்டப் பொய் சொன்னாக் கண்டுபிடிச்சிருவாளே. அதான் ஒவ்வொரு தடவையும் கொஞ்ச நேரம் நிப்பேன்."

அவன் தரையைப் பார்த்தான். அக்கா நாற்காலியின் கையைப் பிடித்து மெதுவாக எழுந்தாள். ஜன்னல்வரை போனாள். திரும்பினாள்.

"போக வேண்டியவ நான்டா. வரிசையில நான் நின்னேன். அவ எங்கிருந்தோ வந்து முன்னாடி போயிட்டா. மிஞ்சி நிக்கறதே எனக்கு அதிகமா இருக்கு. இதுல எலும்பு வேற கெட்டியா இருக்கணுமா?"

ஆறுதல் சொல்லும் இடத்தில் அவனிடம் ஒன்றும் இல்லை. அந்த இடம் காலியாகி நாளாகிவிட்டது. தெரிந்த ஒன்றைச் சொன்னான்.

"நானும் அப்படித்தான் போடறேன்."

"என்ன போடற?"

"லிஃப்ட்ல. டிக். பத்து மாசமா மேல ஏறிப் பாக்கல. பெட்டிக்குள்ள நின்னே போட்டுட்டு வந்துடறேன்."

அக்காவுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கியதும் முதுகு வலியை மறந்து நிமிரப் போய், பல்லைக் கடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள்.

"அறிவிருக்காடா உனக்கு? அதுல ஆளுங்க போறாங்கடா! குழந்தை குட்டிங்க போகும்! அறுந்து விழுந்தா?"

"அறுந்து விழாது. கயிறு நாலு இருக்கு."

"எவன் பாத்தான் நாலும் இருக்குதான்னு? நீ பாத்தியா?"

"இல்ல."

"படிச்சவன் பண்ற வேலையா இது? வெக்கமா இல்ல?"

"இருக்கு" என்றான். உண்மையில் அது வெட்கம்தானா என்று அவனுக்கு நிச்சயமில்லை. ஏதோ ஒன்று அசைந்தது. "அப்ப இது?" என்று சமையலறைப் பக்கம் கை காட்டினான்.

அக்கா சின்னக் குரலில் சொன்னாள்: "என்னை நம்பி யாரும் ஏறலடா."

நான் ஏறியிருக்கேனே என்ற பதில் அவனிடம் இருந்தது. அவன் போய்ச் செருப்பை மாட்டினான்.

"கிளம்பு."

"நாளைக்குப் போலாம்."

"கிளம்பு அக்கா."

இரண்டாம் முறை கேட்டது அவனுக்கே விசித்திரமாக இருந்தது.

எலும்புப் பிரிவு ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில். லிஃப்டில் ஏறியதும் பழக்கத்தில் அவன் கண் சுவரிலிருந்த அட்டைக்குப் போனது. டிக்குகள் ஒன்றுபோல் ஒன்று இல்லை. ஒன்றில் கிரீஸ் பட்ட கட்டைவிரல் ரேகை. இன்னொன்று ஏதோ எழுதி அடித்து மறுபடி போட்டது. எவனோ பார்த்துத்தான் போட்டிருக்கிறான். அக்கா மூலையில் சாய்ந்து நின்று மாடி எண்களை எண்ணிக்கொண்டிருந்தாள். பெட்டி ஓர் உதறலும் இல்லாமல் நின்றது.

நீளப் பெஞ்சு. அக்கா உட்காரவில்லை. சுவரோரமாக இந்த முனைக்கும் அந்த முனைக்கும் மெதுவாக நடந்துகொண்டிருந்தாள். வாசலைப் பார்ப்பதும் அவனைப் பார்ப்பதுமாக இருந்தாள். திரும்பிப் போய்விடுவாளோ என்று அவன் வழியில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டான். பேரைக் கூப்பிட்டார்கள். கோப்பைப் புரட்டிய நர்ஸ் நிமிராமல் கேட்டாள்.

"கூட யாரு வந்திருக்காங்க?"

"நான். தம்பி."

நர்ஸ் நிமிர்ந்தாள். அக்காவை அடையாளம் தெரிந்தது. "எங்கேம்மா, ஆளையே காணோம்? வழக்கமா உங்ககூட ஒரு பொண்ணு வருமே, ஸ்கேலும் பேனாவுமா. எங்களையே கேள்வி கேட்டுக் குடைஞ்செடுக்கும். அது வரலையா இன்னைக்கு?"

அக்கா அவன் முழங்கையைப் பிடித்தாள். பதில் சொல்லாதே, நான் சொல்கிறேன் என்பதுபோல. பத்து மாதத்தில் இந்தக் கேள்வி அவனிடம் நேராக வந்ததில்லை. எல்லோருக்கும் முன்பே தெரிந்திருந்தது. எல்லோரும் அவனுக்குப் பதிலாக ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

"என் வீட்டுக்காரி" என்றான். "இறந்துட்டா."

சொல் வெளியே வந்து மேசைமேல் கிடந்தது. நர்ஸின் கை கோப்பின் நடுவில் நின்றது. அவள் எழுந்து வந்து அக்காவின் தோளில் கையை வைத்து, உயரம் பார்க்கும் கம்பிக்கு அழைத்துப் போனாள். பலகையை உச்சந்தலைவரை இறக்கினாள். எண்ணைப் பார்த்தாள். கோப்பைப் பார்த்தாள். மறுபடி பலகையை இறக்கினாள்.

"ரெண்டு சென்டிமீட்டர் குறையுது."

"குதிகால்ல பித்தவெடிப்பு. தேய்ச்சுக் குளிச்சேன், அதுல போயிருக்கும்" என்றாள் அக்கா. யாரும் சிரிக்கவில்லை.

எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் அக்காவைவிட இளையவர். படத்தை வெளிச்சத்தில் மாட்டி, பேனா முனையால் காட்டினார். அடுக்கி வைத்த கட்டைகள்போல முதுகெலும்பு. நடுவில் ஒன்று முன்பக்கம் நசுங்கி, காலில் மிதிபட்ட தீப்பெட்டி மாதிரி இருந்தது.

"இது சுளுக்கில்ல. எலும்பு அமுங்கியிருக்கு. கடைசி ஊசி எப்ப?"

"பதினஞ்சு மாசம் ஆச்சு" என்றான் அவன், அக்கா வாயைத் திறப்பதற்குள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இந்த ஊசியை விட்டா எலும்பு இருந்த இடத்துலயே நிக்காது. சேத்து வச்சதையெல்லாம் வேகமா இழந்துடும். ஒண்ணு அமுங்கினா அடுத்தடுத்து அமுங்கலாம். அதான் தள்ளக்கூடாதுன்னு சொன்னோம்."

"எனக்கு நாப்பத்தொண்ணுதான் டாக்டர்."

"அதனாலதான் சொல்றேன். எழுபது வயசா இருந்தா இவ்வளவு பேச மாட்டேன். எல்லாருக்கும் அம்பதுல நிக்கறது உங்களுக்கு முப்பத்தேழுல நின்னுபோச்சு. எலும்புக்கும் அந்தப் பாதுகாப்பு இல்ல, இதயத்துக்கும் இல்ல. மத்தவங்களுக்குக் குடுக்கற ஹார்மோன் மாத்திரையும் உங்க நோய்க்கு ஆகாது. அப்ப கையில இருக்கறது இந்த ஊசி, நடை, சாப்பாடு, பிரஷர் பாக்கறது, இதுதான். இன்னும் நாப்பது வருஷம் இந்த எலும்பு மேலதான் நீங்க நிக்கணும்."

நாற்பது வருஷம் என்றதும் அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். அவ்வளவு நாளை அவளுக்கு யாரோ அனுமதி கேட்காமல் மடியில் போட்டதுபோல இருந்தது முகம்.

இன்று ரத்தம் எடுப்பார்கள். ஊசியால் தாடை எலும்புக்குக் கெடுதல் வராமலிருக்கப் பல்லும் பார்ப்பார்கள். கால்சியம் சரியாக இருந்தால் திங்கட்கிழமை காலை ஊசி. ஈரத்துணி தூக்கக்கூடாது. முன்னால் குனியக்கூடாது. வலி குறைந்ததும் நடக்க வேண்டும், முதலில் பத்து நிமிஷம். டாக்டர் சொல்லச் சொல்ல அவன் தன்னிடம் காகிதம் இல்லை என்பதைக் கண்டுபிடித்தான். எழுதாத லிஃப்ட் அட்டை ஒன்று பையில் இருந்தது. அதன் பின்பக்கம் எழுதினான். கோடு போடாததால் வரிகள் மேலே ஏறிக்கொண்டே போயின.

"திங்கக்கிழமை வருவீங்களா?" என்று டாக்டர் அக்காவிடம் கேட்டார்.

"பாப்போம்" என்றாள் அக்கா.

சனிக்கிழமை காலை அவன் உதறல் லிஃப்ட் இருந்த அந்தக் கட்டடத்துக்குப் போனான். வேலை நாளில்லை. தரைத்தளக் கதவில் பழுதுப் பலகையை மாட்டினான். நாலாம் மாடிக்காரம்மா மாடிப்படியில் மூச்சு வாங்க இறங்கி வந்து, "இன்னைக்கும் கண்ணாலயேவா?" என்றார்.

"இல்லம்மா. மேல ஏறறேன்."

பெட்டியின் கூரைமேல் கால் வைத்தான். பத்து மாதத்துத் தூசு. நிறுத்தும் பொத்தானை அழுத்திப் பார்த்தான். டார்ச்சைப் பல்லில் கவ்வினான். கயிறுகளைத் துணியால் பிடித்து விரல் விரலாகத் தடவினான். நாலு. நாலும் நன்றாக இருந்தன. அதற்குப் பிறகுதான் மூச்சை விட்டான் என்பது விட்ட பிறகே தெரிந்தது. பெட்டியை அங்குலம் அங்குலமாக ஏற்றினான். மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில், இரண்டு தண்டவாளத் துண்டுகள் சேரும் இடத்தில், உதறியது. அந்தம்மா சொன்ன மாதிரியே, யாரோ காலை வாரி விடுவதுபோல. பெட்டி மூலையில் தண்டவாளத்தைக் கவ்விக்கொண்டு ஓடும் நைலான் பட்டையைக் கழற்றினான். விரலளவு தடிமன் இருக்க வேண்டியது ஒரு பக்கம் நகக்கண் அளவுக்குத் தேய்ந்திருந்தது. இன்னும் கொஞ்ச நாளில் இரும்பும் இரும்பும் உரசியிருக்கும். புதிய பட்டையை மாட்டி, இணைப்பு ஆணிகளை இறுக்கி, மேலும் கீழுமாக ஏழெட்டு முறை ஓட்டிப் பார்த்தான். இறங்கி வந்து அட்டையை எடுத்தபோது பத்து மாதத்து டிக்குகளும் அவனைப் பார்த்தன. அவற்றை ஒன்றும் செய்ய முடியவில்லை. புதிய வரிசையில் பார்த்தவற்றுக்கு மட்டும் போட்டான். பதினேழுதான் வந்தது. மீதி ஏழையும் மறுநாள் பார்க்க வேண்டும். ஐந்து கட்டடங்கள் வேறு பாக்கி இருந்தன. நடையை எட்டிப் போட்டான்.

வீட்டில் சமையலறை அலமாரியின் கதவு விரியத் திறந்திருந்தது. அக்கா அதன் முன்னால், முதுகை நேராக வைத்துக்கொண்டு, கையில் சிவப்புப் பேனாவோடு நின்றாள். பொய் டிக்குகள் ஒவ்வொன்றைச் சுற்றியும் சின்னதாக ஒரு வட்டம் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். ஏழு மாதம் முடிந்திருந்தது. முகம் சிவந்து கழுத்து வியர்த்திருந்தது.

"உக்காந்து போடக்கூடாதா?"

"உக்காந்தா எட்டலடா. நின்னாக்கூட முன்ன மாதிரி மேல எட்டல." பேனாவால் நெற்றியைச் சொறிந்தாள். "திங்கக்கிழமை ஊசிக்கு இதுல கட்டமே இல்ல பாத்தியா? அவ போட்டது இன்னும் ரெண்டு மாசத்துல முடியுது."

"போயிடுவ இல்ல?"

அக்கா அவன் கையிலிருந்ததைப் பார்த்து, "என்னடா அது?" என்றாள்.

தேய்ந்த பட்டையை நீட்டினான். வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். தடித்த பக்கத்திலிருந்து மெலிந்த பக்கம்வரை கட்டைவிரலை மெதுவாக ஓட்டினாள். மெலிந்த முனையில் விரல் நின்றது.

"இவ்வளவு தேஞ்சும் ஓடிச்சா?"

"ஓடிச்சு. உதறிக்கிட்டே."

"ஆளுங்களைத் தூக்கிக்கிட்டா?"

"ம்."

அக்கா இன்னொரு முறை அதைத் தடவினாள். அலமாரியின் கீழ்த்தட்டில், கால்சியம் புட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒரு கை அலமாரி விளிம்பைப் பிடித்திருக்க, இடது காலைத் தரையிலிருந்து ஓர் அங்குலம் தூக்கினாள். அவன் நின்ற இடத்திலிருந்து அசையவில்லை. "எண்ணுடா" என்றாள். அவன் எண்ணத் தொடங்கினான். கதவு திறந்தே இருந்தது. ஆறு என்பதற்குள் அவள் கால் ஆடியது, கீழே வைக்கவில்லை.